வண்டியில் ஏறிய வானொலி

2015 டிசம்பர் 1ஆம் நாள் பெய்த மழையைத் தாம்பரம்வாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலைவரை 24 மணி நேரத்தில் அங்கே 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் நின்றது, பல இடங்களில் கைப்பேசிகளும் ஊமையாயின. கோபுரத்தையும் மின் இணைப்பையும் நம்பாமல் அத்தகைய வேளையில் பேச வழியுண்டா? உண்டு. காரில் பொருத்திய அமெச்சூர் வானொலி நிலையமே அது. அது வண்டியில் ஏறிய கதையைப் பார்ப்போம்.

1901இல் மார்க்கோனி இங்கிலாந்தில் நீராவி வண்டி ஒன்றில் கம்பியில்லாத் தந்திக் கருவியைப் பொருத்தினார். கூரைமேல் உயரமான உலோக உருளை ஆன்டெனாவாக நின்றது. வண்டி ஓடும்போது அதைச் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது!

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. ஜூலை 31இல் 40 வாட் ஒலிபரப்பியுடன் நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. 1927இல் பணமுடையால் கழகம் நின்றுவிட, கருவி சென்னை மாநகராட்சிக்குப் போயிற்று. ஒரு நகருக்கே நிகழ்ச்சி வழங்கிய அந்த 40 வாட்டை நினைவில் வையுங்கள். இன்று காரின் முன்பலகைக்கு அடியில் அடங்கும் அமெச்சூர் கருவியே 50 வாட் திறன் தருகிறது.

அன்று இது ஏன் இயலவில்லை? ஒலிபரப்பும் வால்வுகளுக்குப் பல நூறு வோல்ட் வேண்டும். கார் பாட்டரி தருவதோ 6 அல்லது 12 வோல்ட். நேர்மின்னோட்டத்தை மின்மாற்றி உயர்த்தாது. ஆகவே, அதிரும் தொடுமுனையால் மின்னோட்டத்தை விட்டுவிட்டுப் பாயச் செய்து, அதன்பின் உயர்த்தினார்கள். வால்வின் இழையைச் சூடாக்கவும் மின்சாரம் செலவாயிற்று. 1947இல் பிறந்த டிரான்சிஸ்டர் வளர்ந்து இத்தொல்லைகளை நீக்கியது. இன்றைய கருவி 12 வோல்ட்டிலேயே இயங்கும். பேசும்போது சுமார் 10 ஆம்பியர் எடுக்கும்.

அடுத்த சிக்கல் ஆன்டெனா. அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருப்பது நல்லது. 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அரை மீட்டர்க் கம்பி போதும். இவ்வலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் உயரம் கைகொடுக்கும். தாம்பரம் சாலையில் சில கிலோமீட்டரே எட்டும் பேச்சு, பரங்கிமலை உச்சிக்குக் காரை ஓட்டிச் சென்றால் பல மடங்கு தூரம் எட்டும். 7 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலத்தில் திரும்பி நெடுந்தொலைவு போகும். ஆனால் அதற்குக் கால் பங்கு என்பது 10 மீட்டருக்கும் மேல்! ஆகையால் குட்டைக் கம்பியுடன் கம்பிச்சுருளைச் சேர்த்து ஒத்திசைக்கிறார்கள். ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாய் வீணாகும். அதுவே நாம் கொடுக்கும் விலை.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளர் தம் குழுவுடன் அந்தமான் சென்றிருந்தார். உலகெங்குமுள்ள வானொலி நண்பர்களுடன் பேசுவதே பயணத்தின் நோக்கம். டிசம்பர் 26இல் சுனாமி தாக்கித் தொலைபேசிகள் அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து அக்குழுவின் வானொலியே மக்களின் செய்திகளைத் தாய்நாட்டுக் கரைக்குச் சுமந்தது. பொழுதுபோக்கு, ஒரே நாளில் தொண்டாக மாறியது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. தேர்வு எழுதி மத்திய அரசின் உரிமம் பெற வேண்டும். வண்டியில் இயக்குவதற்கான விதிகளை அறிய வேண்டும். அலைகளின் போக்கைப் பழகிப் பழகியே கற்க வேண்டும். வெள்ளம் வாசலுக்கு வந்தபின் இவற்றைத் தொடங்க முடியாது. மாணவ நண்பர்களே, வானம் தெளிவாக இருக்கும் நாட்களே இதைக் கற்க ஏற்ற நாட்கள்.