இசைவு விகிதம்

இசைவு விகிதம் என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கும், கட்டடம் முதலியவற்றின் நீள அகலங்களுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் எண் தொடர்பு. இசையில் இது இயற்கை. வடிவமைப்பில் பெரும்பாலும் வழக்கம். ஒரே முறுக்கில் கட்டிய தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி ச (2:1), மூன்றில் இரண்டாக்கினால் ப (3:2), நான்கில் மூன்றாக்கினால் சுத்த மத்யமம் (4:3) பிறக்கும். இதைக் கண்டவர் பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான பிதாகரஸ் என்பது மரபு. கொல்லன் பட்டறையில் 12, 9, 8, 6 என்ற எடைகளில் இருந்த சம்மட்டிகளின் ஓசை அவருக்கு இதை உணர்த்தியதாம். நிகோமாக்கஸ், போயத்தியஸ் போன்றோரின் நூல்கள் இக்கதையை வழிவழியாகச் சுமந்து வந்தன. ஆனால் சம்மட்டியின் ஓசை எடைக்கேற்ப அப்படி மாறுவதில்லை. தந்தியில் எடையைத் தொங்கவிட்டாலும், ச-ப இடைவெளி கிடைக்க 3:2 போதாது, 9:4 வேண்டும் என்று கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1589இல் காட்டினார்.

காதுக்கு இனிய எண்கள் கண்ணுக்கும் இனியவை என்ற கொள்கையைக் கட்டடக் கலையில் நிலைநாட்டியவர் இத்தாலியர் ஆல்பர்ட்டி. 1470இல் முடிந்த, பிளாரன்சின் சாந்தா மரியா நோவெல்லா தேவாலய முகப்பு அவர் வடிவமைத்தது. அதன் உயரமும் அகலமும் சமம். மேல்தளத்தின் நடுப்பகுதி அதில் பாதிப் பக்கமுள்ள சதுரம். அடுத்த நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாதியோ, 1570இல் வெளியான தம் நூலில், அறைகளுக்கு வட்டம், சதுரம் ஆகியவற்றோடு 4:3, 3:2, 5:3, 2:1 ஆகிய அளவுகளைப் பரிந்துரைத்தார். அதே பட்டியலில் சதுரத்தின் மூலைவிட்ட அளவான √2:1 என்பதையும் சேர்த்திருக்கிறார். கொள்கையின் ஓட்டை இங்கேதான். ஹார்மோனியத்தில் ச-வையும் பிரதி மத்யமத்தையும் ஒருசேர அழுத்தினால் எழுவது ஏறத்தாழ இதே விகிதம், காதை உறுத்தும். 210 × 297 மில்லிமீட்டர் ஏ4 தாளும் இதே விகிதம்தான். அது யார் கண்ணையும் உறுத்தியதில்லை. 1922இல் ஜெர்மனி இதைத் தரமாக்கியதற்குக் காரணம் அழகன்று: பாதியாக மடித்தாலும் வடிவம் மாறாது என்பதே.

காதின் இசைவும் பழக்கம்தானே, ஹார்மோனியத்தின் ப கூடத் துல்லியமான 3:2 இல்லையே என்பர் சிலர். அந்த விலகல் மிகச் சிறிது. காந்தாரத்தில் அது பெரிது; அங்கே பழக்கம் பேசுவதை மறுக்க முடியாது. ஆயினும் 3:2 சுரங்களில் மேலெழும் துணை ஒலிகள் பல ஒன்றோடொன்று பொருந்துகின்றன; பொருந்தாதபோது எழும் அதிர்வுத் துடிப்பே உறுத்தல் என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் விளக்கினார். கண்ணுக்கு அத்தகைய ஏற்பாடு காட்டப்படவில்லை. அறையின் மூலையில் நிற்பவருக்கு எதிர்ச்சுவர் குறுகித் தெரியும். தரைப்படத்தில் உள்ள 3:2 அவர் கண்ணில் விழுவதே இல்லை. பிரெஞ்சு மருத்துவரும் கட்டடக் கலைஞருமான குளோது பெரோ 1683இலேயே தூண் அளவுகளின் அழகைப் பெரிதும் வழக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டார்.

ஆயினும் விகிதத் தேடல் நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே மனித உயரத்தையும் பொன் விகிதத்தையும் இணைத்து ‘மாடுலர்’ அளவுமுறையை வெளியிட்டார். இன்றைய கணினித் திரை வடிவமைப்பில் எழுத்தளவுகளை 4:3, 3:2 என ஏற்றும் வழக்கமும் உண்டு.