இளவேனிலும் உயிர்ப்புத் திருநாளும்

ஆண்டின் பன்னிரண்டு திங்களும் பசுமை மாறாத மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் வாழும் நமக்கு இளவேனிலின் வரவு ஏட்டில் படித்தறியும் செய்தியேயாம். ரப்பர் மரங்கள் ஆண்டிற்கொருமுறை இலையுதிர்த்து மீண்டும் தளிர்க்கின்றன. அந்நாட்களில் பால் குறைகின்றது. நாம் அறிந்த பனிக்காலம் அவ்வளவே. நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என வகுத்தனர். அவர்கட்கு அது மாம்பூவும் குயிலோசையும் தென்றலும் கூடிய இன்பப் பருவம். வடபுல மக்களுக்கோ அது, பிழைத்தோம் என்று விடும் பெருமூச்சு. இவ் வேறுபாட்டை உளங்கொண்டால்தான், கிறிஸ்தவ உலகம் தன் தலையாய திருநாளை ஏன் இளவேனிலோடு பிணைத்துப் போற்றி வந்தது என்பது விளங்கும்.

ஐரோப்பாவின் வடபகுதியில் பனிக்காலத்தில் ஏரிகள் உறைகின்றன. மண் இறுகி ஏர் புக மறுக்கின்றது. கதிரவன் சில நாழிகைகளே முகங்காட்டி மறைகின்றான். முற்காலத்தில் அறுவடையின்போது சேர்த்த தானியமும் உப்பிட்டு வைத்த இறைச்சியும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர, உழவர் குடும்பங்கள் மிச்சத்தை அளந்து அளந்து உண்டு நாட்கழித்தன. மார்ச்சுத் திங்களில் பகலும் இரவும் ஒத்து நின்று, பின்னர்ப் பகல் நீளத் தொடங்கும். பழைய ஆங்கிலத்தில் இளவேனிலுக்கு ‘லெங்க்டென்’ என்று பெயர். நாள் நீளுங்காலம் என்பது அதன் பொருள். தமிழ்க் கிறிஸ்தவர் லெந்து காலம் என வழங்கும் நாற்பது நாள் நோன்பின் பெயரும் அச்சொல்லின் வழி வந்ததேயாம். நோன்பின் முடிவில் உயிர்ப்புத் திருநாள் வரும். அதனுடன் பசும்புல்லும் வரும்.

இதனைக் கண்ட சிலர், ‘உயிர்ப்பு விழா என்பது பழைய வேனில் விழாவேயன்றி வேறன்று, ஏசுநாதர் பெயர் பின்னர் ஒட்டப்பட்டது’ என்பர். இக்கூற்றை ஆராய்தல் வேண்டும். இங்கிலாந்து நாட்டுத் துறவியும் வரலாற்றாசிரியருமான பீடு என்பார், கி.பி. 725-ஆம் ஆண்டில் எழுதிய காலக் கணக்கு நூலில், தம் முன்னோர் ஏப்ரல் திங்களை ‘ஏயோஸ்தர்’ என்னும் பெண் தெய்வத்தின் பெயரால் வழங்கினர் என்றும், ஈஸ்டர் என்னும் பெயர் அதனின்றும் வந்தது என்றும் குறித்துள்ளார். அத்தெய்வத்தைப் பற்றி அவர் கூற்றன்றி வேறு பழஞ்சான்று இல்லை. அன்றியும், பெயர் வேறு, விழா வேறு. அவருக்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே கிரேக்கரும் உரோமரும் இத்திருநாளைப் ‘பாஸ்கா’ எனப் போற்றி வந்தனர். தமிழ்க் கத்தோலிக்கரும் இன்றளவும் அச்சொல்லையே ஆள்கின்றனர். அது ‘பெசாக்’ என்னும் எபிரேயச் சொல்லின் திரிபாகும்.

பெசாக் என்பது யாது? எகிப்து நாட்டில் அடிமைகளாய் உழன்ற எபிரேய மக்கள் விடுதலை பெற்றதை நினைவுகூரும் விழா. அது நிகழும் நீசான் திங்களுக்கு அதனினும் பழைய பெயர் ‘ஆவீவ்’. பசுங்கதிர் என்பது பொருள். வாற்கோதுமை கதிர் முற்றும் அப்பருவத்தில், முதற்கதிர்க் கட்டைக் கோயிலிற் படைப்பது எபிரேயர் வழக்கம். ஏசுநாதர் சிலுவையில் அறையுண்டதும், உயிர்த்தெழுந்தார் என அவர் அடியார் அறிவித்ததும் அவ்விழா நாட்களிலேயாம். ஆகவேதான் பவுலடியார் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய மடலில், இறந்தோரினின்று எழுந்தவருள் கிறிஸ்துவே முதற்கனி என உவமித்தார். மண்ணில் விழுந்த விதையையும் முளையையும் காட்டி மறுவாழ்வை விளக்கினார். எனவே, இத்திருநாளுடன் வேனில் பிறப்பிலேயே உடன் வந்தது. ஆனால் தனியே வரவில்லை. அடிமை நீங்கிய விடுதலையும் அதனோடு கைகோத்து வந்தது. இதனை நாம் மறத்தலாகாது.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நாசியான்சு கிரெகோரியார் என்னும் பெரியார், குளிர்மிக்க கப்பதோக்கியா மேட்டு நிலத்தவர். உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறன்று அவர் நிகழ்த்திய பேருரை ஒன்று இன்றும் கிடைக்கின்றது. அதன் இறுதிப் பகுதி முழுதும் இளவேனிற் காட்சியே. வானந் தெளிந்ததையும், கப்பல்கள் துறைமுகம் விட்டுப் புறப்படுவதையும், உழவன் ஏர் பூட்டுவதையும், தேனீ கூட்டினின்றும் வெளிப்படுவதையும், பறவை கூடு கட்டுவதையும் அவர் ஒவ்வொன்றாய் எடுத்துரைக்கின்றார். புதுவாழ்வு பெற்ற மாந்தர்க்கு உலகமே உடன்சாட்சி பகர்கின்றது என்பது அவர் கருத்து. இயற்கையை வெறுத்து ஒதுக்குவதே சமயம் எனக் கருதுவார்க்கு இவ்வுரை நல்ல மறுமொழியாம்.

இனி, வேனிலைக் கணக்கிடப் புகுந்தவர் பட்ட பாட்டைக் காண்போம். சின்ன ஆசியாவின் கிறிஸ்தவர், நீசான் பதினான்காம் நாள் எக்கிழமையில் வரினும் அந்நாளிலேயே விழாக் கொண்டாடினர். உரோமையர் ஞாயிற்றுக்கிழமையே வேண்டுமென்றனர். கி.பி. 155-ஆம் ஆண்டையொட்டி, சிமிர்னா நகரத்து முதிய ஆயர் போலிகார்ப்பு உரோமைக்குச் சென்று, அங்குத் தலைவராயிருந்த அனிசேத்துவுடன் இது குறித்து உரையாடினார். ஒருவர் கருத்துக்கு மற்றவர் உடன்பட்டிலர். ஆயினும் அனிசேத்து, தம் கோயிலில் திருப்பலி நடத்தும் சிறப்பைப் போலிகார்ப்புக்கு அளித்தார்; இருவரும் அமைதியோடு பிரிந்தனர். சுமார் 35 ஆண்டுகள் கழித்து, உரோமையில் தலைமை ஏற்ற விக்டர் என்பார் மாறுபட்டோரைச் சபையினின்றும் விலக்க முனைந்தார். அப்போது லியோன் நகரத்து இரேனேயு அவருக்கு மடல் எழுதி, முன்னவர் காட்டிய பெருந்தன்மையை நினைவூட்டி இடித்துரைத்தார்.

கி.பி. 325-ஆம் ஆண்டு நிசேயாவிற் கூடிய பேரவை, எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாடுதல் வேண்டுமென முடிவு செய்தது. மார்ச்சு 21-ஐப் பகலிரவு ஒத்த நாளாகக் கொண்டு, அன்றோ அதன் பின்னோ வரும் முதல் முழுமதியை அடுத்த ஞாயிறே திருநாள் என்னும் விதி பின்னர் நிலைபெற்றது. இதன்படி விழா மார்ச்சு 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே எந்நாளிலும் வரலாம். எனினும் பூசல் ஓய்ந்திலது. வட இங்கிலாந்தில் ஒஸ்வியு மன்னன் அயர்லாந்து முறையைக் கைக்கொண்டான். அவன் மனைவியோ உரோமை முறையினள். சில ஆண்டுகளில் அரசன் விருந்துண்ண, அரசி நோன்பிருந்தாள் என்று பீடு எழுதுகின்றார். ஓர் அரண்மனையில் ஒரே நாளில் ஒருவர்க்கு வேனில், மற்றவர்க்குப் பனி! கி.பி. 664-இல் விட்பி மடத்தில் கூடிய அவையில் மன்னன் உரோமை முறையை ஏற்றான். தோற்ற கோல்மன் ஆயர் தம்மைச் சார்ந்தோருடன் நாட்டைவிட்டே அகன்றார்.

கணக்கிலும் பிழை இருந்தது. ஜூலியன் பஞ்சாங்கத்து ஆண்டு, உண்மையான ஆண்டினும் ஏறத்தாழ 11 நிமிடம் மிகுதி. சுமார் 128 ஆண்டுகட்கு ஒரு நாள் வீதம் பிழை பெருகி, பதினாறாம் நூற்றாண்டில் பகலிரவு ஒத்த நாள் மார்ச்சு 11-க்கு வந்துவிட்டது. இவ்வாறே விட்டால், வேனில் விழா நாளடைவில் கோடைக்குச் சென்றிருக்கும். லிலியஸ் என்னும் இத்தாலிய மருத்துவர் வகுத்த திருத்தத்தை, கிளாவியஸ் முதலிய கணக்கறிஞர் ஆராய்ந்து ஒழுங்கு செய்ய, போப்பு பதின்மூன்றாம் கிரெகோரி 1582-இல் அதை நடைமுறைக்குக் கொணர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 ஆயிற்று. புனிதமென்று போற்றிய பஞ்சாங்கமேயாயினும், இயற்கையின் உண்மைக்கு மாறுபட்டபோது திருத்தப்படுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ? ஆயினும் திருத்தியவர் போப்பாண்டவர் என்பதனால், இங்கிலாந்து 1752 வரை அதனை ஏற்க மறுத்தது. யார் வாய்ச் சொல் என நோக்காது மெய்ப்பொருளைக் காண்பதே அறிவென்ற வள்ளுவர் நெறியை அவர் அறிந்திலர் போலும். கீழைச் சபையாருட் பெரும்பாலார் இன்றும் பழங்கணக்கின்படியே திருநாளைக் குறிக்கின்றனர். 2024-இல் இரு விழாக்களுக்கும் இடையே ஐந்து கிழமை இருந்தது. 2025-இலோ இரண்டும் ஏப்ரல் 20-ஆம் நாளில் ஒன்றுபட்டன.

நாட்குறிப்பில் இத்துணைக் கருத்துச் செலுத்தினோர், நாளின் பொருளை நிறைவேற்றினரோ? சிலர் நிறைவேற்ற முயன்றனர். கி.பி. 321-இல் கான்ஸ்டன்டைன் மன்னன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அடிமைகளை விடுதலை செய்யலாம் எனச் சட்டம் இயற்றினான். 367-இல் வாலென்டீனியன் ஆட்சியில், கொடுங்குற்றம் புரிந்தார் நீங்கலாக ஏனைய சிறையாளரை உயிர்ப்புத் திருநாளை முன்னிட்டு விடுவிக்க ஆணை பிறந்தது. நிசா நகரத்துக் கிரெகோரியார் தம் திருநாள் உரையில், சிறைப்பட்டோர் விடுதலை பெறுவதையும், கடனாளியின் கடன் தீர்க்கப்படுவதையும், அடிமை தளை நீங்குவதையும் அந்நாளின் சிறப்புகளாக எடுத்துரைத்தார். அன்று சிறைக் கதவு திறக்கக் கண்டவனுக்கு உயிர்ப்பு என்பதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் அக்கதவு மீண்டும் மூடப்பட்டதையும் வரலாறு மறைக்கவில்லை. ஆண்டுதோறும் தவறாது உயிர்ப்பு விழாக் கொண்டாடிய நாடுகளே பல நூற்றாண்டுகள் மக்களை விற்றும் வாங்கியும் வந்தன. பிரித்தானியப் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறை 1834-இல்தான் ஒழிந்தது. அதன்பின் அவ்விடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலி முறை வந்தது. நம் முன்னோருட் பலர் அத்தளையிற் கட்டுண்டே கடல் கடந்தனர். மலாயாவில் அது 1910-இல்தான் முடிவுற்றது. தோட்டத்து மரங்கள் ஆண்டுதோறும் தளிர்த்தன. அவற்றைச் சீவியவன் வாழ்வு தளிர்க்கவில்லை.

தென்கோளத்து ஆஸ்திரேலியாவில் இத்திருநாள் இலையுதிர் காலத்தில் வருகின்றது. நம் நாட்டிலோ பனியும் இல்லை, வேனிலும் இல்லை. ஆயினும் இவ்விடங்களிலும் கிறிஸ்தவர் அதே நம்பிக்கையோடு விழாக் கொண்டாடுகின்றனர். இதனால் நாம் அறிவதென்ன? இளவேனில் அந்நம்பிக்கைக்கு உவமையேயன்றி ஊற்று அன்று. பருவத்தின் வேனில் யாரும் அழையாமலே வந்து போகும். மாந்தர் வாழ்வின் வேனிலோ ஒருவர் கை கொடுத்தாலன்றி மற்றவர்க்கு வருவதில்லை. இத்திருநாளைக் கொண்டாடும் அன்பர்களும், அயலே நின்று நோக்கும் நாமும், நம் அண்டையில் இன்னும் பனி நீங்காதிருக்கும் இல்லம் எது எனத் தேடிச் செல்வோமாக. நாள் குறிப்பதில் பிழை நேரினும் பெருங்கேடில்லை. அவ்வில்லத்தைக் காணாது கடந்து போவதே திருத்த வேண்டிய பிழையாம்.