காய்ச்சலும் பாய்ச்சலும் (நெல் பாசனம்)

காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது நெல் வயலில் எந்நேரமும் நீரைத் தேக்கி வைக்காமல், தேங்கிய நீர் வற்றிய சில நாட்களுக்குப் பின் மீண்டும் நீர் பாய்ச்சும் பாசன முறை ஆகும். இது மாற்று ஈர-உலர் பாசனம் எனவும் அழைக்கப்படுகிறது. உரிய அளவில் கடைப்பிடித்தால், விளைச்சல் குறையாமல் நீரைச் சேமிக்க இம்முறை உதவுகிறது.

பின்னணி

நெல் ஒரு நீர்த்தாவரம் அன்று. நீர் தேங்கிய மண்ணைத் தாங்கி வளரக்கூடிய பயிர் ஆகும். தேங்கிய நீர் களைகளைக் கட்டுப்படுத்த உதவுகிறது. ஒரு கிலோ நெல் விளைவதற்கு மழை, பாசனம் ஆகியவற்றின் மூலம் வயலுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. இதில் ஒரு பகுதி நீராவியாகிறது. எஞ்சியது மண்ணுக்குள் இறங்கியும் வரப்பின் வழியே கசிந்தும் வெளியேறுகிறது. தேங்கும் நீரின் உயரம் குறையும்போது இக்கசிவும் குறைகிறது.

செய்முறை

நீர் பாய்ச்ச வேண்டிய நாளை அறிய, பிலிப்பீன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் எளிய குழாய் ஒன்றைப் பரிந்துரைக்கிறது.

* 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் அல்லது மூங்கிலில் துளைகளிட்டு, 15 செ.மீ. தரைக்கு மேல் தெரியுமாறு வயலில் பதிக்க வேண்டும். குழாயின் உள்ளிருக்கும் மண்ணை அகற்ற வேண்டும்.
* நடவு செய்து 1 முதல் 2 வாரங்களில் இம்முறையைத் தொடங்கலாம். களை மிகுதியாக இருந்தால் மேலும் 2 முதல் 3 வாரங்கள் நீரைத் தேக்கிக் களையைக் கட்டுப்படுத்த வேண்டும்.
* குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், 5 செ.மீ. உயரத்திற்கு நீர் பாய்ச்ச வேண்டும்.
* பூக்கும் பருவத்திற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயலைக் காயவிடக் கூடாது.
* தழைச்சத்து உரத்தை, நீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன் இடுவது நல்லது.

விளைச்சல்

நீர்மட்டம் 15 செ.மீ. ஆழத்திற்குள் இருக்கும்வரை வேர்களுக்குப் போதிய ஈரம் கிடைக்கிறது. 56 ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான பகுப்பாய்வின்படி, மிதமாகக் காயவிட்ட வயல்களில் விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நீர்ப் பயன்பாடு 23 விழுக்காடு குறைந்தது. மிகுதியாகக் காயவிட்டபோது விளைச்சல் 22 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. எனவே வயல் எத்தனை நாள் காய்ந்தது என்பதை விட, நீர் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதே முக்கியமாகும். வெடிப்பு விழும்வரை காயவிடுதல் இம்முறையின் நோக்கம் அன்று.

சுற்றுச்சூழல்

நீர் தேங்கிய மண்ணில் உயிர்வளி இல்லாததால், நுண்ணுயிரிகள் மீத்தேன் வளிமத்தை உருவாக்குகின்றன. பலமுறை காயவிடுவதால் மீத்தேன் வெளியேற்றம் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும். ஆனால் நைட்ரசு ஆக்சைடு வெளியேற்றம் ஓரளவு கூடலாம். அரிசியில் ஆர்செனிக் குறையும் அதே வேளையில், காட்மியம் கூடும் வாய்ப்பும் உண்டு.

பரவலும் தடைகளும்

பிலிப்பீன்சின் போகோல் தீவில் தலைமடை வயல்கள் நீரை மிகுதியாக எடுத்துக்கொண்டதால், கடைமடை வயல்களுக்கு நீர் போதவில்லை. அங்கு 2000களில் முறைவைத்து நீர் வழங்கும் ஏற்பாட்டுடன் இம்முறை நடைமுறைக்கு வந்தது.

எக்கி வைத்து நீர் இறைக்கும் உழவருக்கு, நீரைச் சேமித்தால் எரிபொருள் செலவு குறைகிறது. பரப்பளவுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்தும் வாய்க்கால் பாசன உழவருக்கு அத்தகைய நேரடி ஆதாயம் இல்லை. அவர் மிச்சப்படுத்தும் நீரின் பயன் கடைமடைக்கே சேர்கிறது. அடுத்த முறை நீர் உரிய நாளில் வரும் என்ற உறுதி இல்லாத இடங்களில் உழவர்கள் வயலைக் காயவிடத் தயங்குகின்றனர்.