வீரபாண்டிய கட்டபொம்மன் (திரைப்படம்)

வீரபாண்டிய கட்டபொம்மன், 1959இல் வெளிவந்த தமிழ் வரலாற்றுத் திரைப்படம். பத்மினி பிக்சர்ஸ் சார்பில் பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பணிய மறுத்துத் தூக்கிலேறிய பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரராகச் சிவாஜி கணேசன் நடித்தார். கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் விருது பெற்ற இப்படமே, தமிழர் மனத்தில் கட்டபொம்மனுக்கு இன்றுள்ள முகத்தையும் குரலையும் தந்தது.

வரலாற்றுப் பின்னணி

நெல்லைச் சீமையின் பாளையங்களில் வரி தண்டும் உரிமை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போனதில்தான் பகை முளைத்தது. 1798இல் வரி நிலுவை குறித்து விளக்கம் கேட்ட கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை வரச்சொல்லிவிட்டு, ஊர் ஊராகத் தன் பின்னால் அலையவிட்டார். செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தபோது, நிலுவையில் பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1080 பகோடாக்களே பாக்கி இருந்தன. ஆனாலும் பேச்சு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார்; அமைச்சர் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். விசாரணைக்குப் பின் கம்பெனியே ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது.

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டதும், கம்பெனிப் படைக்குத் தெற்கே திரும்ப வழி பிறந்தது. செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். தப்பிச் சென்ற கட்டபொம்மன் புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டார். அக்டோபர் 16ஆம் தேதி, மற்ற பாளையக்காரர்கள் கண்முன்னே கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

கூத்திலிருந்து மேடைக்கு

ஏட்டில் எழுதப்படும் முன்பே இந்தக் கதை கூத்தாகவும் கதைப்பாடலாகவும் ஊர்களில் வாழ்ந்தது. சிறுவனாக இருந்தபோது அப்படியொரு கட்டபொம்மன் கூத்தில் சிவாஜி ஏற்ற முதல் வேடம் வெள்ளைக்காரச் சிப்பாய். தனக்கு நடிப்பாசை பிறந்த இடமாக அவர் சொன்னது அந்தக் கூத்தைத்தான்.

பின்னாளில் கயத்தாறு வழியே காரில் போனபோது எழுந்த பேச்சு, நாடகம் எழுதும் முடிவில் முடிந்தது. உடன் சென்ற சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிக் கொடுத்தார். 1957 ஆகஸ்டில் சிவாஜி நாடக மன்றம் சேலத்தில் அரங்கேற்றிய நாடகம் நூறு முறைக்கு மேல் நடந்தது. வசூலில் பெரும்பணம் கல்வி நிலையங்களுக்கு நன்கொடையாகப் போனது.

திரையாக்கம்

நாடகத்தைப் படமாக்க முன்வந்த பந்துலு, கட்டபொம்மன் வரலாற்றை முன்பே நூலாக எழுதியிருந்த ம. பொ. சிவஞானத்தின் துணையை நாடினார். வசனத்தைக் கிருஷ்ணசாமியே எழுத, ஜி. ராமநாதன் இசையமைத்தார். வெள்ளையத்தேவனாக ஜெமினி கணேசன், வெள்ளையம்மாளாகப் பத்மினி, ஜக்கம்மாளாக எஸ். வரலட்சுமி, எட்டப்பனாக வி. கே. ராமசாமி, ஊமைத்துரையாக ஓ. ஏ. கே. தேவர் நடித்தனர். ஜாக்சன் வேடம் சி. ஆர். பார்த்திபனுக்கும், பானர்மன் வேடம் ஜாவர் சீதாராமனுக்கும் அமைந்தன.

போர்க்காட்சிகள் ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டன. கேவா கலரில் பிடித்த படச்சுருளை லண்டனில் டெக்னிகலருக்கு மாற்றினார்கள். அவ்வகையில் இதுவே முதல் டெக்னிகலர் தமிழ்ப்படம்.

படத்தின் உச்சம் ஜாக்சனுடனான வாக்குவாதம். வரியும் வட்டியும் கேட்கும் அதிகாரிக்கு, உழவின் ஒவ்வொரு வேலையையும் அடுக்கி, எதைச் செய்தாய் என்று மடக்கும் அந்தப் பதில் கம்பெனி ஆவணங்களில் உள்ளதன்று, கிருஷ்ணசாமியின் படைப்பு. நிலத்தில் உழைப்பவனுக்கே விளைச்சலில் உரிமை என்னும் நியாயத்தைக் குடியானவனின் சொற்களாலேயே சொன்னதால் அது நிலைத்தது. பள்ளி ஆண்டுவிழாக்களில் இன்றும் பிள்ளைகள் அதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள்.

வெளியீடும் விருதும்

1959 மே 10 அன்று லண்டனில் முதல் காட்சி நடந்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கம்பெனியின் தலைமையகம் இருந்த நகரத்திலேயே அவர் கதை முதலில் திரையேறியது. மே 16 அன்று தமிழ்நாட்டில் வெளியான படம் வெள்ளிவிழாக் கண்டது. அடுத்த சில நாட்களில், மருது சகோதரர்களைப் பற்றிக் கண்ணதாசன் தயாரித்த சிவகங்கைச் சீமை வந்தது. தரமான படமாக இருந்தும் போட்டியில் தாக்குப்பிடிக்கவில்லை.

1960இல் கெய்ரோ விழாவில் சிவாஜி சிறந்த நடிகராகவும், ஜி. ராமநாதன் சிறந்த இசையமைப்பாளராகவும் விருது பெற்றனர். வெளிநாட்டு விழாவொன்றில் சிறந்த நடிகர் விருது வாங்கிய முதல் தமிழ் நடிகர் சிவாஜிதான். இந்தியில் 'அமர் ஷஹீத்' என்ற பெயரில் படம் மொழிமாற்றம் செய்யப்பட்டது.

விமர்சனமும் தாக்கமும்

எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரர் என்றே வாதிட்டுத் தமிழ்வாணன் நூல் எழுதினார். படம் பாத்திரங்களை வீரன், துரோகி என்று இரண்டாகப் பிரித்துவிட்டது என்பதும் உண்மை. எட்டப்பன் என்ற பெயர் காட்டிக்கொடுப்பவனுக்கு வசைச்சொல்லாக ஊன்றியதில் இப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு.

பந்துலு 1961இல் கப்பலோட்டிய தமிழன், கன்னடத்தில் கித்தூர் சென்னம்மா ஆகிய படங்களில் இதே தடத்தைத் தொடர்ந்தார். கயத்தாற்றில் தூக்கிலிட்ட இடத்தருகே நிலம் வாங்கிச் சிவாஜி சிலை எழுப்பினார். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழ்நாடு அரசு நினைவுக்கோட்டை கட்டியது. மெருகேற்றிய டிஜிட்டல் படி 2015இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. கம்பெனி ஆவணங்களில் அடங்காத கிளர்ச்சிக்காரராகப் பதிவானவரைத் தமிழர் தம் விடுதலைப் போரின் முன்னோடியாக உரிமையோடு கொண்டாடுவதற்கு இப்படம் செய்த பணி, எந்தப் பாடநூலும் செய்ததைவிடப் பெரிது.