எதிலிருந்து வடித்தால் விஸ்கி? நூறு ஆண்டு கடந்தும் முடியாத பெயர் வழக்கு

கள் என்றால் தென்னையிலோ பனையிலோ இறக்கியது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சீனித் தண்ணீரைப் புளிக்கவைத்து அதைக் கள் என்று நீட்டினால், தோட்டத்துப் பெரியவர்கள் ஒரு வாய் வைத்ததுமே முகத்தைச் சுளித்துவிடுவார்கள்.

விஸ்கியின் கதை அவ்வளவு எளிதல்ல. பார்லியில் வடித்தால்தான் விஸ்கியா? சோளத்தில் வடித்தால் ஆகாதா? கரும்பாலையின் கழிவுப்பாகில் வடித்ததற்கு அந்தப் பெயரைச் சூட்டலாமா? 120 ஆண்டுகளுக்கு முன்பு லண்டன் நீதிமன்றத்துக்குப் போன இந்தக் கேள்வி, பிறகு அமெரிக்க அதிபரின் மேசைக்குப் போனது. இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே இன்றும் அது தீரவில்லை.

பார்ப்பதற்கு இது குடிப்பவர்களுக்கான விவாதம் போலத் தோன்றும். உண்மையில் இது பயனீட்டாளர் உரிமையைப் பற்றியது. போத்தலில் ஒரு பெயரை எழுதி விற்றால், உள்ளே இருப்பது அதுதானா என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டா என்பதே இதன் அடிப்படை.

பெயரும் மூலப்பொருளும்

ஐரோப்பிய மரபில் மதுவகைகள் பெரும்பாலும் மூலப்பொருளைக் கொண்டே பிரிக்கப்படுகின்றன. திராட்சை ஒயினை வடித்தால் பிராந்தி. கரும்புச் சாற்றையோ கழிவுப்பாகையோ வடித்தால் ரம். தானியத்தைப் புளிக்கவைத்து வடித்து, மரப் பீப்பாயில் ஊறவைத்தால் விஸ்கி.

வடிக்கும் முறையும் முக்கியம். பழைய செம்புக் கொப்பரையில் மெதுவாக வடித்தால், மூலப்பொருளின் மணமும் சுவையும் ஓரளவு சாராயத்தில் தங்கும். தொடர்ந்து ஓடும் கோபுர வடிகலனில் 96 விழுக்காடு வரை வடித்தால், அது பார்லியா, சோளமா, கரும்பா என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாத தெளிந்த எரிசாராயம் கிடைக்கும். சண்டை பெரும்பாலும் இந்த எரிசாராயத்தைச் சுற்றியே நடக்கிறது. மூலப்பொருளின் சுவையே இல்லாத ஒன்றுக்கு அந்த மூலப்பொருளின் பெயர் எப்படிப் பொருந்தும் என்பது ஒரு தரப்பின் கேள்வி.

இஸ்லிங்டன் வழக்கு

1830-களில் ஈனியஸ் காஃபி என்பவர் காப்புரிமை பெற்ற கோபுர வடிகலன், ஸ்காட்லாந்தின் மதுத் தொழிலையே மாற்றியது. சோளம் போன்ற மலிவான தானியங்களைக் கொண்டு இரவும் பகலும் நிற்காமல் வடிக்க முடிந்தது. அந்தச் சாராயத்தோடு பார்லி மால்ட் விஸ்கியைக் கலந்து விற்ற வணிகர்கள் செழித்தார்கள். கொப்பரையில் வடித்துவந்த பழைய உற்பத்தியாளர்கள், "இது விஸ்கியே இல்லை" என்றார்கள்.

1905-ஆம் ஆண்டில் லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி, இரண்டு மதுக்கடைக்காரர்கள் மீது வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளர் கேட்ட தன்மையிலும் தரத்திலும் இல்லாத பொருளை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. பாலில் தண்ணீர் கலப்பவர்களைப் பிடிக்க உதவிய அதே 1875-ஆம் ஆண்டு உணவுச் சட்டம்தான் இதற்கும் பயன்பட்டது. 1906 பிப்ரவரியில் தீர்ப்பு கடைக்காரர்களுக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்து நின்றதால், முடிவு எதுவும் ஏற்படவில்லை.

கடைசியில் 1908-இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான அதன் அறிக்கை பெரிய வணிகர்களுக்குச் சாதகமாக அமைந்தது. தானியத்தை மால்ட்டின் உதவியோடு சர்க்கரையாக்கிப் புளிக்கவைத்து வடித்தால் அது விஸ்கிதான். கொப்பரையா, கோபுரமா என்பது பொருட்டல்ல என்று ஆணையம் சொன்னது. ஆனால், ஒரு கோட்டை மட்டும் அது தாண்டவில்லை. மூலப்பொருள் தானியமாகவே இருக்க வேண்டும்.

வெள்ளை மாளிகையின் தீர்ப்பு

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே பிரச்சினை வெடித்தது. 1906-இல் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்தபோது, வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி மிகவும் கண்டிப்பாக இருந்தார். எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்ததைப் போலி என்றே லேபிளில் எழுத வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

தொழில்துறை ஒப்புக்கொள்ளவில்லை. விவகாரம் அதிபர் வில்லியம் டாஃப்ட் வரை சென்றது. முன்பு நீதிபதியாக இருந்த அவர், 1909 டிசம்பரில் முடிவு சொன்னார். தானிய எரிசாராயம் கலந்ததையும் விஸ்கி என்று விற்கலாம். ஆனால், அது கலவை என்பதை லேபிளில் தெளிவாக எழுத வேண்டும். கழிவுப்பாகிலிருந்து வடித்ததற்கு மட்டும் விஸ்கி என்ற பெயர் கிடையாது.

இரு நாடுகளிலும் ஒரே ஆண்டில் வந்த முடிவுகள் இவை. பெரிய வணிகத்துக்கு இரண்டும் வழிவிட்டன. ஆனால், கரும்பை இரண்டுமே வெளியே நிறுத்தின.

இந்தியாவின் விஸ்கி

அந்தக் கரும்பைக் கொண்டுதான் இந்தியா உலகின் மிகப் பெரிய விஸ்கிச் சந்தைகளில் ஒன்றை உருவாக்கியது. அங்கு விற்கும் மலிவு விலை விஸ்கியில் பெரும்பகுதி, சீனி ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஓரளவு மால்ட் விஸ்கி, மணமூட்டி, நிறத்துக்குக் கருக்கிய சீனி, தண்ணீர் ஆகியவை சேர்த்து 42.8 விழுக்காடு வலிமைக்குக் கொண்டுவருவார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. இந்தியா ஏராளமாகக் கரும்பு விளைவிக்கும் நாடு. ஆலைகளில் கழிவுப்பாகு குவிந்து கிடந்தது. மக்களுக்கே தானியம் போதாமல் இருந்த காலத்தில், உணவுத் தானியத்தைச் சாராயம் காய்ச்சச் செலவிடுவது நியாயமாகவும் இல்லை, மலிவாகவும் இல்லை. ஆகவே, மூலப்பொருளை மாற்றினார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை ஏற்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் விதிமுறையும், அதற்குப் பின் 2008, 2019-ஆம் ஆண்டுகளில் வந்த விதிமுறைகளும் ஒரே நிலையில்தான் நிற்கின்றன. விஸ்கி தானியத்தில் வடிக்கப்பட வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருக்க வேண்டும். வலிமை 40 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. கழிவுப்பாகில் செய்த இந்தியத் தயாரிப்பு ஐரோப்பாவில் நுழைய வேண்டுமானால், விஸ்கி என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டே நுழைய வேண்டும்.

அதை ரம் என்றாவது அழைக்கலாமே என்று தோன்றலாம். அதற்கும் வழியில்லை. ரம்மில் கரும்பின் மணமும் சுவையும் இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. சுவை முற்றிலும் நீங்கும்வரை வடித்த எரிசாராயம் அந்த வகையிலும் சேராது.

இது தரத்தைக் காக்கும் விதியல்ல, சந்தையை மூடும் தந்திரம் என்பது இந்தியத் தரப்பின் வாதம். ஐரோப்பியத் தரப்போ, இந்தியா வெளிநாட்டு மதுவுக்கு 150 விழுக்காடு சுங்க வரி விதித்ததையே உண்மையான தடை என்று சுட்டிக்காட்டி வந்தது. ஒரு பக்கம் பெயரால் கதவை அடைத்தது. மறுபக்கம் வரியால் அடைத்தது.

மூன்று ஆண்டு யார் வைத்த கணக்கு?

மூலப்பொருள் விவாதத்தோடு இன்னொரு பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயில் இருக்கும் விஸ்கி ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகும். பெங்களூரின் வெப்பத்தில் இது 10 விழுக்காட்டையும் தாண்டும். வெப்பத்தில் விஸ்கி விரைவாகப் பக்குவமடைகிறது. ஆகவே, மூன்று ஆண்டு விதி வெப்ப நாடுகளுக்குப் பொருந்தாது என்று இந்திய உற்பத்தியாளர்கள் வாதிடுகிறார்கள்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மூன்று ஆண்டு என்பது பழங்கால மரபு அல்ல. முதல் உலகப் போரின்போது தொழிலாளர்களின் குடிப்பழக்கத்தைக் கட்டுப்படுத்த, 1915-இல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டத்திலிருந்து வந்தது அது. அவசரத்துக்குப் போட்ட விதி, நாளடைவில் மரபாகிவிட்டது.

2025 ஜூலை 24-ஆம் தேதி கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தத்தில், ஸ்காட்ச் விஸ்கிக்கான இந்திய வரியை 150 விழுக்காட்டிலிருந்து 75 ஆகவும், பத்தாம் ஆண்டில் 40 ஆகவும் குறைக்க உடன்பாடு ஏற்பட்டது. பேச்சுவார்த்தைக் காலத்தில் இந்தியத் தொழில்துறை கேட்டுவந்த சலுகைகளில் ஒன்று, இந்த மூன்று ஆண்டு விதியைத் தளர்த்துவது.

பார்லிக்குத் திரும்பியவர்கள்

இதற்கிடையே சில இந்திய நிறுவனங்கள் வேறு பாதையில் போயின. பெங்களூரின் அம்ருத் நிறுவனம், முழுக்கவும் முளைகட்டிய பார்லியில் வடித்த சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகப்படுத்தியது. அதன் பெயரை மறுக்க ஐரோப்பிய விதியில் இடமில்லை. 2010-ஆம் ஆண்டுக்கான ஜிம் மரேயின் விஸ்கி வழிகாட்டி நூலில், அம்ருத் ஃபியூஷன் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாக இடம்பெற்றது. கோவாவிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரிலிருந்தும் மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன.

விதி கடுமையாக இருந்ததால் தரம் உயர்ந்தது என்று இதைப் படிப்பவர்களும் உண்டு. ஆனால், அந்தப் போத்தலின் விலை சாதாரணத் தொழிலாளிக்கு எட்டாது. அவர் கையில் இருப்பது இன்றும் பெரும்பாலும் எரிசாராயக் கலவைதான்.

தமிழ்நாட்டில் அதிகம் விற்கும் பிராந்தியின் கதையும் இதுவே. பிராந்தி என்றால் திராட்சை என்பது உலக வழக்கு. அங்கு மலிவு விலையில் கிடைப்பதோ பெரும்பாலும் கழிவுப்பாகு எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டது.

வோட்கா காட்டிய நடுவழி

பெயரைத் தடுப்பதா, விடுவதா என்ற இரண்டே வழிகள்தான் உள்ளனவா? ஐரோப்பாவில் நடந்த வோட்கா தகராறு மூன்றாவது வழியைக் காட்டியது. தானியத்திலும் உருளைக்கிழங்கிலும் வடிப்பதே வோட்கா என்று போலந்து, பின்லாந்து, சுவீடன் போன்ற நாடுகள் வாதாடின. திராட்சை போன்றவற்றில் வடித்ததையும் வோட்கா என விற்கலாம் என்று பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் எதிர்வாதம் வைத்தன. 2008 விதிமுறையில் சமரசம் பிறந்தது. வேறு பொருளில் வடித்தாலும் வோட்கா என்று சொல்லலாம். ஆனால், எதில் வடித்தது என்பதை லேபிளில் எழுதியே ஆக வேண்டும்.

இரு தரப்புக்கும் முழு மனநிறைவு இல்லை. வாங்குபவருக்கோ அவருக்குத் தேவையான தகவல் கிடைத்தது.

நம் கடை அலமாரியில்

மலேசியாவில் இந்த விவாதத்துக்கு இன்னும் கசப்பான முகம் உண்டு. தோட்டங்களில் சம்சு எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பது இந்திய சமூகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதற்கு எதிராகப் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது. சிறிய போத்தலில், சில வெள்ளிக்குக் கிடைத்ததே சம்சுவின் பெரிய ஆபத்தாக இருந்தது.

2016-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைத் திருத்தம், மது வாங்கும் வயது வரம்பை 18-லிருந்து 21-க்கு உயர்த்தியது. 2017 டிசம்பர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. மலிவான கலவை மதுவைக் குறைந்தது 700 மில்லிலிட்டர் கொண்ட கண்ணாடிப் போத்தலில்தான் விற்க வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தின் பகுதி. 'காம்பவுண்டட்' என்று லேபிளில் காணப்படும் சொல் இந்தக் கலவை வகையையே குறிக்கிறது. பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் படிப்பவர்கள், சிறிய எழுத்தில் இருக்கும் இந்தச் சொல்லைக் கவனிப்பது குறைவு.

2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அது மூலப்பொருள் தகராறு அல்ல. உயிரைப் பறித்த குற்றம். கழிவுப்பாகு விஸ்கியையும் அதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால், இரண்டிலும் வாங்கியவரின் நிலை ஒன்றுதான். லேபிளில் இருந்த பெயரை நம்பியே அவர் காசு கொடுத்தார்.

விஸ்கி பார்லிக்குச் சொந்தமா, கரும்புக்கும் அதில் பங்கு உண்டா என்பதை வணிக ஒப்பந்தங்கள் இன்னும் பல ஆண்டுகள் பேசலாம். குடிக்காமல் இருப்பதே நல்லது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வாங்குபவர் யாராக இருந்தாலும், உள்ளே இருப்பது எதிலிருந்து வந்தது என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1905-இல் இஸ்லிங்டன் நகராட்சி கேட்டதும் இதைத்தான்.