'அது'வா, 'அவை'யா?

உலகிலேயே நீளமான பிராணி நீலத் திமிங்கிலம்தானே? பொறுங்கள்... ஒரு பழைய வழக்கு பாக்கியிருக்கிறது!

வழக்கின் நாயகன், சைஃபனோஃபோர். ஒரே கருமுட்டையில் பிறந்து, மொட்டுவிட்டு மொட்டுவிட்டு நூற்றுக்கணக்கான குட்டி உடல்களாகப் பெருகும் கடல்வாசி. எல்லாம் ஒட்டியே இருக்கும். நீந்துகிறவருக்குச் சாப்பிடத் தெரியாது. சாப்பிடுகிறவருக்கு நீந்த வராது. இனப்பெருக்கம் தனி டிபார்ட்மென்ட்!

1846-ல், 'ராட்டில்ஸ்நேக்' என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் உதவி டாக்டராக ஆஸ்திரேலியா கிளம்பிய 21 வயது தாமஸ் ஹக்ஸ்லி, வழியில் வலையில் சிக்கிய சைஃபனோஃபோர்களை அறுத்துப் பார்த்தார். 'ஒரு முட்டையிலிருந்து வந்தது எல்லாம் சேர்ந்து ஓர் உயிர்தான்' என்பது அவர் கட்சி. 'இல்லையில்லை, இது ஒரு காலனி' என்றார் ஜெர்மனியின் லூகார்ட். சண்டை பல ஆண்டுகள் நீடித்தது.

2020-ல் அதே ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால், சுமார் 630 மீட்டர் ஆழத்தில், சுருள் சுருளாக மிதந்த ஒரு சைஃபனோஃபோரை ரோபோ கேமரா படம்பிடித்தது. வெளிச்சுற்று மட்டுமே சுமார் 47 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். நீலத் திமிங்கிலமோ முப்பது மீட்டர் சொச்சம்தான்!

ஹக்ஸ்லி சொன்னது சரியென்றால், திமிங்கிலத்தின் பட்டம் போச்சு. லூகார்ட் சரியென்றால், அது வெறும் ஊர்வலம்!

சிரிக்காதீர்கள். ஒரே கருமுட்டையிலிருந்து கிளம்பி, வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட கோடானுகோடி செல்கள்தான் நீங்களும் நானும். ஆனாலும் தைரியமாக 'நான்' என்கிறோமே!