வலி மரத்த காலும் விலைபோகும் காலும்: பில் வால்டன் விவகாரம், 1978

அடிபட்ட நட்சத்திர வீரரை ஆடவிடுவதா, மதிப்புக் குறையும் முன் வேறோர் அணிக்குக் கைமாற்றிவிடுவதா என்ற கேள்வி அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஓயாமல் எழுவது. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள் மிச்சம், கோப்பைக்கு எவ்வளவு தூரம், பதிலுக்கு யார் கிடைப்பார் என்று அது பெரும்பாலும் வரவுசெலவுக் கணக்காகவே பேசப்படுகிறது. அக்கணக்கில் இடம்பெறாத ஒன்று உண்டு: அந்த உடலைப் பற்றிய உண்மை யார் கையில் இருக்கிறது என்பது. 1978இல் போர்ட்லாந்து நகரில் நிகழ்ந்ததை அறிந்தால் அது எவ்வளவு பெரிய விடுபடல் என்பது விளங்கும்.

போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸ் 1970இல் தோன்றிய அணி. பல்கலைக்கழக ஆட்டங்களில் புகழ்பெற்ற பில் வால்டனை 1974ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் முதல் ஆளாக அவ்வணி எடுத்துக்கொண்டது. முதலிரு பருவங்களிலும் காயங்கள் அவரை அலைக்கழித்தன. மூன்றாம் பருவத்தில், ஜாக் ராம்சேயின் பயிற்சியில், அணி முதன்முறையாகத் தகுதிச் சுற்றுகளுக்குப் பிந்தைய ஆட்டங்களுக்குள் நுழைந்து, அதே ஆண்டிலேயே கோப்பையையும் வென்றது. 1977 இறுதிப்போட்டியில் பிலடெல்பியாவிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் இழந்த பின்னர், அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்ற வெற்றி அது. மறுபருவத்தில் முதல் 60 ஆட்டங்களில் 50 வெற்றிகள். அந்நிலையில்தான் வால்டனின் வலது பாதம் பழுதுற்றது. அவரில்லாத அணி எஞ்சிய 22 ஆட்டங்களில் எட்டை மட்டுமே வென்றது. 58 ஆட்டங்களே ஆடியிருந்தும் அப்பருவத்தின் மிகச்சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. அணி எந்த அளவுக்கு ஒரே மனிதரின் கால்களில் நின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1978 ஏப்ரலில் சியாட்டில் அணிக்கெதிரான தொடருக்கு வால்டன் திரும்பினார். இரண்டாம் ஆட்டத்திற்கு முன்பு அவருடைய இடப் பாதத்தில் வலியை மரக்கச் செய்யும் ஊசி போடப்பட்டது. போர்ட்லாந்து அந்த ஆட்டத்தில் வென்றது. பின்னர் எடுத்த எக்ஸ்ரே படம் பாதத்தில் எலும்பு முறிந்திருப்பதைக் காட்டியது. முறிந்தது பாத வளைவின் உச்சியில் உள்ள, படகு வடிவிலான சிறு எலும்பு. ஓடும்போதும் குதிக்கும்போதும் உடலின் சுமை அதன் வழியே இறங்குகிறது. அதன் நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவாதலால் முறிவு எளிதில் கூடுவதுமில்லை. இத்தகைய எலும்பு விரிசல் காணும்போது உடல் தரும் எச்சரிக்கை வலி ஒன்றுதான். ஊசி அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டது. தொடரைச் சியாட்டில் 4-2 என்று கைப்பற்றியது. வால்டன் போர்ட்லாந்துக்காக மீண்டும் ஆடவேயில்லை.

தமக்கும் சக வீரர்கள் சிலருக்கும் அளிக்கப்பட்ட சிகிச்சை நெறியற்றது என்று குற்றஞ்சாட்டிய அவர், அக்கோடையில் தம்மை வேறு அணிக்கு மாற்றும்படி கோரினார். குற்றச்சாட்டின் வேர் மருத்துவ ஏற்பாட்டிலேயே இருந்தது. அணி மருத்துவரை நியமிப்பது நிர்வாகம். நிர்வாகத்திற்கு வேண்டியது அடுத்த வெற்றி. வீரருக்கும் ஆட ஆசை. மூவரின் விருப்பமும் ஒரே திசையில் ஓடும்போது மறுத்துச் சொல்ல அந்த அறையில் எவருமில்லை. ஊசிக்கு வீரர் இசைந்தார் என்பது மெய்யே. ஆயினும் முறிவை அறியாமல் தந்த இசைவு எத்தகைய இசைவு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

நிர்வாகம் அவரைக் கைமாற்றவில்லை. 1978-79 பருவம் முழுவதும் அவர் களமிறங்கவில்லை. ஆஸ்கர் ராபர்ட்சன் தொடுத்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்ததன் பயனாக, ஒப்பந்தம் தீர்ந்த வீரர் தாம் விரும்பும் அணியில் சேரலாம் என்றாகியிருந்தது. ஆனால் சேர்த்துக்கொள்ளும் அணி பழைய அணிக்கு ஈடு தரவேண்டும். அவ்வழியில் 1979இல் வால்டன் சான் டியாகோ கிளிப்பர்ஸ் அணிக்குச் சென்றார். ஈடாகப் போர்ட்லாந்துக்குக் கிடைத்தவர்களுள் கெர்மிட் வாஷிங்டனும் கெவின் குன்னர்ட்டும் அடங்குவர். கணக்கு யாருக்கும் நேராகவில்லை. சான் டியாகோவில் முதற்பருவத்தில் அவர் ஆடியவை 14 ஆட்டங்கள். அடுத்த இரு பருவங்களில் ஒன்றுகூட இல்லை. போர்ட்லாந்தோ 1977க்குப் பின் இன்றுவரை வேறு கோப்பையைக் காணவில்லை.

ஆடவிடுதல், கைமாற்றுதல் ஆகிய இரண்டிற்கும் அப்பால் மூன்றாவது வழியொன்று உண்டென்பதை 1985இல் அவரைப் பெற்ற பாஸ்டன் செல்டிக்ஸ் காட்டியது. அங்கே அவர் தொடக்க ஐவரில் ஒருவரல்லர், மாற்று வீரர். ஆட்டத்திற்குச் சராசரியாக 20 நிமிடங்களுக்கும் குறைவாகவே ஆடிய அவர், அப்பருவத்தில் 80 ஆட்டங்களில் பங்கேற்றார். சிறந்த மாற்று வீரர் விருதும் 1986ஆம் ஆண்டுக் கோப்பையும் வந்துசேர்ந்தன. மறுபருவத்தில் 10 ஆட்டங்களோடு கால் மீண்டும் கைவிட்டது. பழைய சிதைவை முற்றாக நீக்க எந்த ஏற்பாட்டாலும் இயலவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்தும் இதே கேள்வி வேறு பெயர்களில் திரும்பியது. தொடையில் காயமுற்ற கவாய் லெனர்டு 2017-18 பருவத்தில் சான் அன்டோனியோவுக்கு ஒன்பது ஆட்டங்களே ஆடினார். அவருடைய தரப்பு மருத்துவர்களை அவர் நம்பினார். அணியுடன் உறவு முறிந்தது. 2018 ஜூலையில் டொராண்டோவுக்கு மாற்றப்பட்டார். டொராண்டோ அவருக்கு இடையிடையே ஓய்வளித்து, 82 ஆட்டங்களில் 60இல் மட்டும் ஆடவைத்தது. 2019இல் கோப்பையையும் வென்றது. அதே இறுதிப்போட்டியின் ஐந்தாம் ஆட்டத்தில், கெண்டைத் தசைக் காயத்திலிருந்து திரும்பிய கோல்டன் ஸ்டேட் அணியின் கெவின் டுரான்ட், 12 நிமிடங்களில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். அவரை ஒப்பந்தம் செய்த புரூக்ளின் ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தது. அவரும் பழைய ஆற்றலோடு மீண்டார்.

இன்றைய என்.பி.ஏ. கூட்டு ஒப்பந்தத்தில், அணி மருத்துவரின் முடிவுக்கு மேல் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறும் உரிமை வீரருக்கு உண்டு. 1978இல் போர்ட்லாந்தில் இல்லாமற்போன மறுப்புக்குரலுக்கு இவ்வுரிமை ஓரளவு இடமளிக்கிறது. இருப்பினும் உரிமை ஏட்டில் இருப்பது வேறு, கோப்பை கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் இரவில் ஒரு வீரர் அதைப் பயன்படுத்துவது வேறு. 2024 மே மாதம் தம் 71ஆம் வயதில் மறைந்த வால்டன், 1974 முதல் 1988 வரையிலான 14 பருவங்களில் ஆடிய வழக்கமான ஆட்டங்கள் 468. ஆடியிருக்கக்கூடியவற்றில் பாதிக்கும் குறைவு. ஆடவிடுவதா, மாற்றுவதா என்று கேட்கும் முன், காலில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அணியின் வெற்றியில் பங்கில்லாத ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும். அது தெரிந்த பிறகு எடுக்கும் முடிவும் தவறிப்போகலாம். ஆனால் அதன் சுமையை, அதைத் தெரிந்து ஏற்றவரே சுமப்பார்.